சுடுதளத்துக்கு ஓர் அணுகல் பொறுப்பாளர்

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை நாற்பது கிலோமீட்டர் அளவுதான். பறந்து போகும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுட்டு உடைக்கும் ட்ராப் விளையாட்டைத் தமிழ்நாட்டில் யார் பேசினாலும் அந்த ஊர்ப் பெயர் வராமல் இருக்காது. அங்குள்ள மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2023இல் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து இருவருடன் சேர்ந்து அணித் தங்கம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக். செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு ட்ராப் இப்போது பக்கத்து ஊர் விளையாட்டு.

அதே ட்ராப்பைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும் சுடுகிறார்கள், செயற்கைக் காலில் நின்றும் சுடுகிறார்கள். 2018இல் இத்தாலியின் லொனாட்டோவில் பாரா ட்ராப்புக்கான முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. உட்கார்ந்து சுடுவோர், கால் குறைபாட்டோடு நின்று சுடுவோர், கை குறைபாடு உள்ளோர் என அதில் மூன்று வகுப்புகள். பாராலிம்பிக்கில் பாரிஸ் வரை ட்ராப் சேரவில்லை. அங்கே ரைஃபிளும் பிஸ்டலும்தான். அந்த இரண்டிலும் நம் நாட்டார் செய்திருப்பதைப் பாருங்கள். பதினோரு வயதில் கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஜெய்ப்பூர் அவனி லெகரா, டோக்கியோவிலும் பாரிஸிலும் அடுத்தடுத்துத் தங்கம் வென்றார். மணீஷ் நர்வாலுக்கு டோக்கியோவில் தங்கம், பாரிஸில் வெள்ளி. மோனா அகர்வாலும் ருபினா பிரான்சிஸும் பாரிஸில் வெண்கலம் வென்றார்கள்.

ஆட்கள் இருக்கிறார்கள். ஷாட்கன் தளத்துக்குள் அவர்கள் வர வழி வேண்டும். அந்த வழியைச் செய்வது ஒரு வேலை. போட்டி அன்று யாரோ நாலு பேர் மனமிரங்கிச் செய்யும் உதவியாக அது இருக்கும்வரை நடக்காது. பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்து, கொஞ்சம் பணமும் 'இதை மாற்று' என்று சொல்லும் அதிகாரமும் கொடுத்தால் நடக்கும். அந்த ஆளை இங்கே அணுகல் பொறுப்பாளர் என்று அழைக்கிறேன். காரைக்குடியில் உடற்கல்வியோ சிறப்புக் கல்வியோ படித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், கிளப்பில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர்கள், போட்டி நடத்தப் போகிறவர்கள் எல்லாரும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

தளத்தை உட்கார்ந்து பாருங்கள்

வேலையின் முதல் நாள், ஒரு சக்கர நாற்காலியைக் கடன் வாங்கி, வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து ஐந்தாவது ஸ்டேஷன் வரை நீங்களே உருட்டிக்கொண்டு போங்கள். கூடவே நாற்காலியை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவரை அழைத்துப் போவது இன்னும் நல்லது. அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அழையுங்கள், அவர் நேரமும் நேரம்தான். கையில் ஒரு டேப்பும் நோட்டும் போதும்.

முதலில் தடுக்குவது மண். சிவகங்கைச் சீமையில் திடல் என்றால் செம்மண் கிராவல் கொட்டிச் சமன் செய்வது வழக்கம். நடப்பவருக்கு அது உறுதியான தரை. நாற்காலியின் சின்ன முன்சக்கரம் அதில் புதையும், ஊன்றுகோலின் நுனி வழுக்கும். மழை பெய்துவிட்டால் இரண்டுமே நகராது. வாகன நிறுத்தம், பதிவு மேசை, கழிப்பறை, சுடும் வரிசை இந்த நான்கையும் இணைத்து ஒரே ஒரு கெட்டியான பாதை போடுங்கள். காங்கிரீட்டோ இடைவெளி இல்லாமல் பதித்த பேவர் பிளாக்கோ எதுவாயினும் சரி. இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். முழுத் திடலையும் மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது முள். சீமைக்கருவேலம் சூழ்ந்த பொட்டலில் தளம் இருந்தால், காற்றடித்த டயர் ஒரு சுற்று முடியுமுன் பஞ்சராகும். வெளியூரிலிருந்து வருபவருக்கு இது தெரியாது. அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள். வேலி ஓரத்தை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள், பாதையைத் தினமும் கூட்டுங்கள், கெட்டி ரப்பர் சக்கரம் கொண்ட நாற்காலி ஒன்றையும் பஞ்சர் ஒட்டும் சாமானையும் கிளப்பில் வையுங்கள். அதிகச் செலவில்லாத இந்தக் காரியம் ஒருவருடைய போட்டியையே காப்பாற்றும்.

பிறகு சுடும் ஸ்டேஷன். ட்ராப்பில் ஐந்து ஸ்டேஷன்கள் ஒரு நேர்கோட்டில், தட்டை எறியும் எந்திரங்கள் இருக்கும் பள்ளத்துக்குப் பதினைந்து மீட்டர் பின்னால் இருக்கும். விதிப்படி ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரம். நின்று சுடுபவருக்கு அது தாராளம். நீளமான நாற்காலி அதில் சரியாக அடங்காது. சற்றுச் சாய்த்து, இடது தோள் முன்னால் வருமாறு நிறுத்த வேண்டியிருக்கும். ஆகவே சதுரத்தின் கோட்டை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றிலும் அதே மட்டத்தில் கெட்டித் தரையை நீட்டுங்கள். விளிம்பில் ஓர் அங்குலப் படிகூட இருக்கக் கூடாது. பல தளங்களில் ஸ்டேஷனை மட்டும் மேடையாக உயர்த்திக் கட்டி, சுற்றிலும் மண்ணாக விட்டுவிடுகிறார்கள். சுடும் நேரத்தில் ஒரு சக்கரம் அந்த விளிம்பில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு போர் துப்பாக்கி தோளைப் பின்னுக்குத் தள்ளும். போட்டித் தோட்டாவில் ரவையின் எடை 24 கிராம்தான் என்றாலும், நாற்காலி அந்த உதையில் பின்னால் நகரவோ சாயவோ கூடாது. இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, பின்னால் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் கீழே இறங்கியிருக்கின்றனவா, தரை சமமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்க்க வேண்டும். பார்ப்பது சுடுபவரும் அவர் உதவியாளரும். பார்க்க நேரம் கொடுப்பது உங்கள் வேலை. சாதாரண மருத்துவமனை நாற்காலியை யாருக்கும் சுடுவதற்குக் கொடுக்காதீர்கள். அது கைப்பிடியோடு அகலமாக இருக்கும், துப்பாக்கிக் கட்டை அதில் இடிக்கும். உடல் அளவுக்கேற்பச் செய்த நாற்காலி இப்போது நம் ஊரிலேயே கிடைக்கிறது. சென்னை ஐஐடியில் உருவான நியோமோஷன் நிறுவனம் 2021இல் நியோஃப்ளை என்ற நாற்காலியை வெளியிட்டது. ஆளைப் பார்த்து அளவெடுத்துத்தான் அதைத் தருகிறார்கள்.

இன்னொன்று கண் உயரம். உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டரில் இருக்கும். முன்னால் புல் வளர்ந்திருந்தாலோ பள்ளத்தின் கூரை விளிம்பில் மணல் மூட்டை அடுக்கியிருந்தாலோ, தட்டு வெளியே வரும் முதல் கணம் அவருக்குத் தெரியாது. நிற்பவருக்குத் தெரிந்த தட்டு இவருக்குத் தாமதமாகத் தெரிந்தால் அது சமமான போட்டி ஆகாது. புல்லை வெட்டுங்கள், மூட்டையை இறக்குங்கள். மதிப்பெண் பலகை, அறிவிப்புப் பலகை, பதிவு மேசை ஆகியவற்றையும் அதே உயரத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேசை 750 முதல் 800 மில்லிமீட்டர் உயரத்தில், அடியில் முழங்கால் நுழைய இடத்தோடு இருந்தால் கையெழுத்துப் போட யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்.

துப்பாக்கியை யார் தூக்குவது?

ட்ராப்பில் ஒரே இடத்தில் நின்று 25 தட்டுகளையும் சுடுவதில்லை. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர வேண்டும்; ஐந்தாவதில் முடித்தவர் பின்பக்கமாகச் சுற்றி முதல் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். நகரும்போது துப்பாக்கி மடித்துத் திறந்தபடி, தோட்டா இல்லாமல் இருக்க வேண்டும் என்பது உயிர்க் காப்பு விதி. இரண்டு கையாலும் சக்கரத்தை உருட்டுபவர் அதை எங்கே வைப்பார்?

போட்டி நடத்துபவர்கள் பெரும்பாலும் யோசிக்காத கேள்வி இது. மடியில் வைத்துக்கொண்டு உருட்டினால் குழல் முனை பக்கவாட்டில் ஆடும். நாற்காலியில் துப்பாக்கியைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கும் தாங்கி பொருத்தலாம். உதவியாளர் ஒருவர் துப்பாக்கியை எடுத்து வரலாம். உதவியாளர் நாற்காலியைத் தள்ள, சுடுபவரே துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சுடுபவர் சொல்லட்டும். அதை முன்கூட்டியே ரெஃப்ரியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கி, எழுதி வைப்பது உங்கள் பொறுப்பு. சுற்று நடுவில் வாக்குவாதம் வந்தால் தவறு அணுகல் பொறுப்பாளருடையது.

உதவியாளர் எங்கே நிற்பார், காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டிருக்கிறாரா, சுடும்போது எவ்வளவு தள்ளி இருப்பார், தட்டு எந்தப் பக்கம் போனது என்று அவர் வாய் திறக்கக் கூடாது என்பது தெரியுமா, இதெல்லாம் காலை விளக்கக் கூட்டத்திலேயே பேசி முடிக்க வேண்டும்.

காலித் தோட்டாக் கூடுகளை மறந்துவிடாதீர்கள். ஒரு சுற்று முடிவதற்குள் பிளாஸ்டிக் கூடுகள் ஸ்டேஷனைச் சுற்றி உருண்டு கிடக்கும். ஊன்றுகோல் நுனி அதன்மேல் பட்டால் ஆள் விழுவார். அப்போது அவர் கையில் துப்பாக்கி இருக்கும். செயற்கைக் கால் அணிந்தவருக்குப் பாதத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று உணர்வு தெரியாது. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் கூட்டிப் பெருக்க ஒரு ஆளையும், ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வாளியையும் போடுங்கள்.

காது கேளாதவருக்கு வேறு ஏற்பாடு தேவை. ட்ராப்பில் சுடுபவர் குரல் கொடுத்ததும் மைக் அந்த ஒலியைப் பிடித்து எந்திரத்தை இயக்கும். பேச்சு வராதவரின் ஒலியை மைக் பிடிக்கிறதா என்று பயிற்சி நாளிலேயே சோதியுங்கள். பிடிக்காவிட்டால் கைச்சைகை பார்த்துப் பொத்தானை அமுக்க ஒருவரை நியமிக்க ரெஃப்ரியிடம் கேளுங்கள். அதைவிட முக்கியம் 'நிறுத்து' என்ற கட்டளை. அது அவர் காதில் விழாது. கண்ணில் படும் இடத்தில் சிவப்பு விளக்கு, விளக்கோடு கொடி, கொடியோடு அவர் பார்வையில் நிற்கும் ஒரு ஆள் என்று மூன்றையும் வையுங்கள். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் தனுஷ் ஸ்ரீகாந்த் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். அந்தத் திறமை ஷாட்கன் பக்கம் வந்தால் வரவேற்க நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக்குப் பாதுகாப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், பயிற்சித் தளத்திலிருந்து பாய்ந்த குண்டு தலையில் பட்டு ஒரு சிறுவன் சில நாளில் உயிரிழந்தான். அது ரைஃபிள் குண்டு, வெகுதூரம் போவது. ஷாட்கன் ரவையும் 200 மீட்டருக்கு மேல் போய் விழக்கூடியதுதான். ஆகவே அணுகல் வசதி என்ற பெயரில் பாதுகாப்புக் கோட்டைத் தளர்த்தச் சொல்லாதீர்கள். நல்ல அணுகல் பொறுப்பாளர் ரேஞ்ச் அதிகாரியின் பக்கத்திலேயே நிற்பவர். கெட்டித் தரையும், கூட்டிய ஸ்டேஷனும், கண்ணுக்குத் தெரியும் நிறுத்த விளக்கும் எல்லாருடைய உயிரையும் காப்பவை.

வெயிலும் கழிப்பறையும்

மேல் முதுகிலோ கழுத்திலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. உடல் சூட்டை வெளியேற்ற வழி இல்லாமல், வெயிலில் மற்றவர்களுக்கு முன்பே சோர்ந்து விழுவார்கள். சித்திரை வைகாசியில் சிவகங்கை வெயிலில் அவர்களை மதியம் வரிசையில் நிறுத்துவது ஆபத்து. அவர்கள் இருக்கும் குழுவுக்குக் காலை முதல் சுற்றைக் கொடுங்கள். சுடும் வரிசைக்குப் பின்னாலேயே நிழலும், தண்ணீர் தெளிக்கும் புட்டியும், ஈரத் துணியும் இருக்கட்டும். முடிந்தால் போட்டியையே மார்கழி, தை மாதங்களுக்குத் தள்ளுங்கள். என் கருத்தில் இந்த ஊருக்கு அதுதான் சரியான காலம்.

கழிப்பறை விஷயத்தில் கூச்சமே வேண்டாம், வெளிப்படையாகப் பேசுங்கள். தண்டுவடக் காயம் உள்ளவர்களில் பலர் நேரம் வைத்து, குழாய் செருகித்தான் சிறுநீர் கழிக்க முடியும். சிறுநீர்ப்பை நிரம்பி வழியில்லாமல் போனால் சிலருக்கு ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கழிப்பறை இல்லாத இடத்துக்கு வரும்போது அவர்கள் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். அந்த வெயிலில் அது இரட்டைக் கேடு. பெண்களுக்கு இது இன்னும் கடினம். ஆகவே 900 மில்லிமீட்டர் அகலக் கதவு, உள்ளே நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம், இருபுறமும் பிடி, தாழ்ப்பாள், தண்ணீர், கை கழுவ இடம் கொண்ட ஒரு கழிப்பறை சுடும் வரிசைக்கு அருகிலேயே வேண்டும். நிதி ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைக் கட்டுங்கள்.

நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வரும். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே உடலைச் சாய்த்துப் படுக்க ஒரு திரையிட்ட கட்டில் போதும்.

அழைப்பிதழ் போவதற்கு முன்னால்

நுழைவுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: 'நீங்கள் போட்டியில் முழுமையாகப் பங்கேற்க என்ன ஏற்பாடு வேண்டும்?' நோயின் பெயரையோ ஊனத்தின் விழுக்காட்டையோ இதில் கேட்க வேண்டாம். வகுப்பு பிரிப்பதற்கான மருத்துவ ஆவணம் தனி. பதில் வந்ததும் இரண்டு நாளுக்குள் அழைத்துப் பேசுங்கள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். 'எல்லா வசதியும் உண்டு, வாங்க சார்' என்று சொல்லி வரவழைத்துவிட்டு, வாசலில் நாலு பேர் நாற்காலியோடு தூக்குவது பெரிய அவமதிப்பு.

உடன் வருபவருக்கும் நுழைவு, சாப்பாடு, தங்குமிடம் கணக்கில் இருக்க வேண்டும். 2022இல் பிரான்ஸின் ஷட்டரூ உலகக் கோப்பைக்குக் கிளம்பும்போது, உடன் செல்ல வேண்டிய தாயாருக்கும் பயிற்சியாளருக்கும் விசா வரவில்லை என்று அவனி லெகரா பகிரங்கமாக முறையிட வேண்டியிருந்தது. விசா கிடைத்தது, போனவர் 250.6 புள்ளிகள் என்ற உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். துணைக்கு வருபவர் வேடிக்கை பார்க்க வருபவரில்லை. அவர் இல்லாமல் போட்டியே இல்லை என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள்.

தங்குமிடத்தில்தான் செட்டிநாடு தனிச் சிக்கலைத் தருகிறது. வெளியூர் விருந்தாளிகளுக்கு நாம் ஆசையாகக் காட்டுவது பழைய பெரிய வீடுகளை. அவற்றில் தெருவிலிருந்து திண்ணைக்கே பல படி. உயர்ந்த நிலைப்படியைத் தாண்டினால் முகப்பு, அப்புறம் தாழ்ந்த முற்றத்தோடு வளவு, அதைத் தாண்டி இரண்டாம் கட்டு. கழிப்பறை கடைசியில். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் போட வேண்டும், அதாவது ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். நான்கடி உயரத் திண்ணைக்கு 48 அடி ஓடும். அவ்வளவு இடம் பெரும்பாலான தெருக்களில் இல்லை. பாரம்பரிய வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. போட்டியாளருக்குத் தரைத்தள அறை, அகலக் கதவு, மின்தூக்கி உள்ள விடுதியை முன்பே நேரில் போய், டேப் வைத்து அளந்து பதிவு செய்யுங்கள் என்கிறேன். 'ராம்ப் இருக்கு' என்று போனில் சொல்வதை நம்பாதீர்கள். சரக்கு ஏற்றும் செங்குத்துச் சரிவையும் ராம்ப் என்றுதான் சொல்வார்கள்.

பார்வையாளர் கூட்டத்துக்கும் திட்டம் வேண்டும். 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்தபோது ரசிகர்கள் திரண்டார்கள். அப்படிப்பட்ட நாளில் நாற்காலிப் பாதைதான் முதலில் அடைபடும். கயிறு கட்டி, ஆள் போட்டு அதைத் திறந்து வையுங்கள்.

மேடைச் சடங்கு பற்றி ஒரு வார்த்தை. மாற்றுத்திறனாளிப் போட்டியாளரை மேடைக்குத் தூக்கிச் சென்று பொன்னாடை போர்த்தி, 'இவரே சாதிக்கிறார், நமக்கென்ன' என்று பேசுவதை நிறுத்துங்கள். பதக்கம் வென்றால் மற்றவர்களோடு ஒரே மேடையில், ஒரே வரிசையில் வாங்கட்டும். மேடைக்குச் சாய்தளம் போட முடியாவிட்டால் எல்லாருக்கும் தரையிலேயே பரிசு கொடுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, விளையாட்டுக் கட்டமைப்பை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி அமைப்பதை அரசின் கடமையாக்குகிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ராதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாயமாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த 2016 சட்டத்துக்கான 2017 விதிகளின்படி, இருபதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளின் பணிநியமனத்தையும் வசதிகளையும் கவனிக்க ஒரு தொடர்பு அலுவலரைத் தன் சம வாய்ப்புக் கொள்கையில் குறிப்பிட வேண்டும். பொறுப்பை ஒரு ஆளின் பெயரில் எழுதி வைக்கச் சட்டமே சொல்லியிருக்கிறது. சிறிய கிளப்பில் அத்தனை ஊழியர்கள் இருக்க மாட்டார்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் கிளப்பே முன்வந்து செய்யட்டும்.

இந்த வேலைக்குத் தயாராவது

காரைக்குடி இதற்குப் பொருத்தமான ஊர் என்று துணிந்து சொல்கிறேன். அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியியல் கல்லூரியும் இருக்கிறது, சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் துறையும் இருக்கிறது. இரண்டிலும் படிப்பவர்கள் ஒரே ஊரில் ஒரே தேநீர்க் கடையில் சந்திக்கிறார்கள். ஒருவருக்கு விளையாட்டு தெரியும், மற்றவருக்கு உடல் குறைபாடும் உதவிக் கருவியும் தெரியும். இரண்டும் சேர்ந்த ஆள்தான் களத்தில் அரிது.

உடற்கல்விக்காரர்கள் துப்பாக்கி பக்கத்தை முதலில் கற்க வேண்டும். 1951இல் தொடங்கிய இந்திய தேசிய ரைஃபிள் சங்கம் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் வகுப்பு நடத்துகிறது. அதற்கு முன் ஏதாவது ஒரு போட்டியில் சம்பளம் எதிர்பார்க்காமல் மதிப்பெண் எழுதும் வேலையில் சேருங்கள். வெடிச் சத்தத்துக்கு நடுவே ஹிட்டா லாஸ்டா என்று 25 தட்டுகளுக்கும் தவறாமல் குறிப்பதே ஒரு பயிற்சி. ஷாட்கன்னுக்கு உரிமம் கட்டாயம். உரிமம் இல்லாமல் தனியாக அதைக் கையில் வைத்திருப்பது குற்றம். ஆகவே கற்பதெல்லாம் அங்கீகாரம் பெற்ற தளத்தில், பொறுப்பானவர் முன்னிலையில் நடக்கட்டும்.

சிறப்புக் கல்வி, இயன்முறை மருத்துவம் படித்தவர்களுக்கு வகுப்பு பிரித்தல் என்ற துறை திறந்திருக்கிறது. பாரா விளையாட்டில் யார் எந்த வகுப்பில் போட்டியிடுவது என்று தீர்மானிக்கும் குழுவில் மருத்துவப் பக்கத்துக்கு மருத்துவர், இயன்முறை மருத்துவர், தொழில்நுட்பப் பக்கத்துக்கு விளையாட்டு அறிந்தவர் என்று இருவகையினரும் தேவை. தண்டுவடக் காயத்தோடு வாழ்பவர்களின் அன்றாடத்தை நேரில் அறிய தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கம் போன்ற இடத்தில் சில வாரம் தொண்டு செய்யுங்கள். கடற்படைத் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய நிறுவனம் அது. செயற்கை உறுப்பு செய்யும் தொழிலில் ஈடுபாடு இருந்தால் முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் அதற்கான பட்டப் படிப்பு உண்டு.

வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழோடு ஒரு அறிக்கையும் கொண்டு போங்கள். அந்தக் கிளப்பின் தளத்தை முன்பே அளந்து, எங்கே படி, எங்கே மணல், கழிப்பறைக் கதவு எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியதை முதலிலும், ஆயிரக்கணக்கில் ஆவதை அடுத்தும், லட்சத்தில் போவதைக் கடைசியிலும் வரிசைப்படுத்துங்கள். கூட்டிப் பெருக்குவது, சுற்று நேரத்தை மாற்றுவது, படிவத்தில் கேள்வி சேர்ப்பது எல்லாம் காசில்லாத காரியங்கள். முதலாளி அங்கிருந்து தொடங்குவார். புகைப்படமும் சேர்த்துக் கொடுத்தால் மறுக்க மாட்டார்.

சம்பளம் பற்றியும் நேராகப் பேச வேண்டும். சிறு கிளப்பில் இதற்கென்று தனி முழுநேர ஆள் போட மாட்டார்கள். தள மேலாளர், உதவிப் பயிற்சியாளர், போட்டி ஒருங்கிணைப்பாளர் ஆகிய பொறுப்போடு சேர்த்து இதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பணி ஆணையில் அந்தப் பொறுப்பும், அதற்கென ஒதுக்கிய தொகையும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். வாயால் சொன்னது முதல் நெருக்கடியிலேயே காணாமல் போகும். ஷாட்கன் தளம் ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டாம். இதே திறமை மாவட்ட விளையாட்டரங்குக்கும், முதலமைச்சர் கோப்பையின் மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்கும், கல்லூரி மைதானத்துக்கும் தேவைப்படுகிறது.

நீங்களே மாற்றுத்திறனாளி என்றால்

இந்த வேலைக்கு உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. கிளப்பில் மற்ற வேலைகளும் உண்டு: மதிப்பெண் பதிவு, எந்திரக் கட்டுப்பாட்டு மேசை, தோட்டா இருப்புக் கணக்கு, ஆயுத வருகைப் பதிவேடு, நடுவர். 'வெயில்ல கஷ்டப்படுவீங்க தம்பி' என்று யாராவது அக்கறையாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், நிழலில் ஒரு மேசையும் சமமான தரையும் போதும் என்று பதில் சொல்லுங்கள். தேவையான மாற்றத்தைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. அரசுப் பணியில் அதை மறுக்கக் கூடாது என்று அதே 2016 சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. தனியாரிடமும் அதே தெளிவோடு கேளுங்கள். அடையாள அட்டை, உதவிக் கருவி, கடன் உதவி ஆகியவற்றுக்குச் சிவகங்கை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாடலாம்.

வேலூரில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த கார் விபத்துக்குப் பிறகு கால்களை அசைக்க முடியாதவரானார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கக் காரணமானார். அவருக்கு அறுவை அரங்கில் தேவைப்பட்டது சரியான உயரத்தில் ஒரு மேசை. அதைச் செய்து கொடுக்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

கிளப் நடத்துபவர்களிடம் கேட்பது இதுதான். அடுத்த போட்டி அழைப்பிதழில் தலைமை விருந்தினர் பெயருக்குக் கீழே, அணுகல் பொறுப்பாளர் என்று போட்டு ஒரு பெயரையும் ஒரு செல்போன் எண்ணையும் அச்சிடுங்கள். அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் எடுங்கள்.